அளவுநாடாவா, திட்ட அறிக்கையா: திருகோணமலையில் எரியக்கூடிய குவியல்களை ஒழுங்குபடுத்த நான்கு வழிகள்

திருகோணமலை மாவட்டத்தில் எரியக்கூடிய பொருள் குவிந்து கிடக்கும் இடங்கள் மூன்று வகை. பழைய சாமான் கடைகளின் பின்வளவில் மட்டைப் பெட்டி, பெட் போத்தல், பொலித்தீன் பொதிகள். அடுத்தது, உள்ளூராட்சி மன்றங்களும் தனியாரும் நடத்தும் கூட்டெரு (கொம்போஸ்ட்) களங்கள். மூன்றாவதற்குச் சரியான பெயர்கூட இல்லை: உப்புவெளி, நிலாவெளி ஹோட்டல் தோட்டங்களில் வெட்டிய கிளையும் தென்னோலையும், மர ஆலைத் தூள், தம்பலகாமம், கிண்ணியா, கந்தளாய்ப் பக்கத்து நெல் ஆலைகளின் உமி. இதில் ஒரு பகுதி அரைபட்டு, செடியடி மண்ணை மூடிவைக்கும் மூடுபடையாக விற்பனையாகிறது. மிச்சம் விலைபோகாமல் கிடக்கிறது.

இவற்றை எவ்வளவு உயரத்துக்கு, எவ்வளவு காலத்துக்கு, எதிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைக்கலாம் என்று ஒரு சபை விதி செய்ய நினைத்தால் நான்கு வழி இருக்கிறது. ஏற்கெனவே உள்ள சட்டத்தையே இறுக்கிப் பிடிப்பது ஒன்று. உயரம், நீளம், இடைவெளி என்று எண்களை உப விதியில் எழுதிவிடுவது இன்னொன்று. களத்துக்காரர் தன் இடத்துக்கேற்ற தீத்தடுப்புத் திட்டம் எழுதித் தந்தால்தான் உரிமம் என்பது மூன்றாவது. சின்னக் களங்களை மூடிவிட்டுச் சபையே பொதுக் களம் நடத்துவது நான்காவது. எதைத் தெரிவு செய்வது என்பதற்கு முன்னால் குவியல் ஏன் எரிகிறது என்று பார்க்கவேண்டும். மட்டைப் பொதிக்குப் பொருந்தும் விதி கூட்டெருவுக்குப் பொருந்தாது. பல ஊர்களின் விதிகள் சறுக்குவது இங்கேதான்.

வெளியிலிருந்து வரும் தீ, உள்ளிருந்து வரும் தீ

மட்டையும் பிளாஸ்டிக்கும் தானாகப் பற்றுவதில்லை. யாரோ, எதுவோ பற்றவைக்கவேண்டும். பழைய சாமான் கடையில் அந்த 'எதுவோ' நிறையவே உண்டு: இரும்பு வெட்டும் கேஸ் கட்டரின் தீப்பொறி, காவலாளியின் நுளம்புச் சுருள், பீடித்துண்டு, பக்கத்து வளவில் யாரோ சருகு கூட்டி வைத்த நெருப்பு, பொதிக்கு மேலாகத் தொங்கும் மின்கம்பி, கேஸ் மீதியோடு வந்த ஸ்பிரே குப்பி. இப்போது அதிகமாகச் சேர்ந்துகொண்டது லிதியம் பற்றறி. பழைய போன், விளையாட்டுச் சாமான், கைவிளக்கு என்று பிளாஸ்டிக்கோடு கலந்து வரும். பொதி அழுத்தும் இயந்திரத்தில் நசுங்கியவுடனேயே பற்றும் என்றில்லை. சில மணித்தியாலம் கழித்து, எல்லோரும் வீட்டுக்குப் போன பிறகும் பற்றலாம். பற்றினால் மட்டை வேகமாக எரியும். பிளாஸ்டிக் உருகி நிலத்தில் ஓடி அடுத்த குவியலின் அடியைத் தொடும். ஆகவே மீள்சுழற்சிப் பொருளில் முக்கியமானவை இரண்டு: பற்றவைக்கும் பொருளைத் தள்ளிவைப்பதும், ஒரு குவியல் எரிந்தால் அடுத்தது எரியாத இடைவெளியும்.

கூட்டெருவும் அரைத்த கிளையும் வேறு விதம். நுண்ணுயிர்கள் தின்னத் தின்னச் சூடு பிறக்கும். 55 முதல் 65 பாகை செல்சியஸ் வரை அது நல்ல சூடு. களை விதையையும் நோய்க்கிருமியையும் கொல்வது அதுதான். 70 தாண்டினால் பெரும்பாலான நுண்ணுயிர்கள் தாங்கமாட்டா. அத்தோடு சூடு நிற்கவேண்டும், அனேகமாக நிற்கும். ஆனால் குவியல் பெரிதாகி, உள்ளே காற்றோட்டம் அரைகுறையாகி, ஈரம் 25 முதல் 45 வீதத்துக்குள் விழுந்துவிட்டால் நிற்காது. 80 பாகைக்கு மேல் நுண்ணுயிரின் வேலை முடிந்து இரசாயன ஒட்சியேற்றம் தொடங்கிவிடும். அது தன் சூட்டிலேயே வேகம் பிடிக்கும். 150 முதல் 200 பாகைக்குள் உள்ளே கனல் பிடிக்கும்.

கவனிக்கவேண்டியது அந்த 25 – 45 என்ற இடைப்பட்ட பட்டை. நல்ல ஈரத்தில் நீராவி சூட்டை வெளியே எடுத்துப்போகும். முழுக்க உலர்ந்தால் நுண்ணுயிருக்கு வாழ வழியில்லை. நடுவில்தான் ஆபத்து. திருகோணமலையின் பருவகாலம் ஒவ்வொரு குவியலையும் வருடத்தில் இரண்டு தரம் அந்த நடுப்பட்டை வழியாக இழுத்துச் செல்கிறது. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மாரி மழையில் ஊறிய குவியல், பெப்ரவரிக்குப் பிறகு காயத் தொடங்கி, மே மாதம் கச்சான் என்னும் வறண்ட காற்று அடிக்கும்போது வெளிப்புறம் சருகாகி உள்ளே அரைஈரமாக நிற்கும். இது முதல் தரம். இரண்டாவது யாரும் எதிர்பாராதது: கோடை முழுக்கக் காய்ந்த குவியலில் புரட்டாதிக் கடைசியில், ஐப்பசியில் விழும் முதல் மழை. உலர்ந்த நார்ப்பொருள் நீரை உறிஞ்சும்போதே சிறிது சூடு வெளியாகும். தூங்கிக் கிடந்த நுண்ணுயிர்களும் எழும்பும். மழை பெய்ததால் இனி நெருப்புப் பயம் இல்லை என்று ஊர் நினைக்கும் அதே வாரத்தில் குவியலின் உள்ளே வெப்பமானி ஏறிக்கொண்டிருக்கும்.

உமி தானாகச் சூடாவது குறைவு. வெளியிலிருந்து ஒரு பொறி விழுந்தால் மட்டும், சுவாலை காட்டாமல் உள்ளுக்குள் நாட்கணக்கில் கனன்று போகும்.

இருக்கிற சட்டமே போதுமா

குப்பையையும் பிளாஸ்டிக் உட்பட எரியக்கூடிய பொருளையும் திறந்த வெளியில் எரிப்பதற்கு எதிரான ஒழுங்குவிதி 2017 செப்டெம்பரிலிருந்து நாட்டில் உண்டு. 1980ஆம் ஆண்டின் 47ஆம் இலக்கத் தேசிய சுற்றாடல் சட்டத்தின் கீழ் சுற்றாடல் பாதுகாப்பு உரிமம் உண்டு. 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டம் பொதுத் தொல்லைக்கு எதிராக நடவடிக்கை எடுக்கும் அதிகாரம் தருகிறது. இவற்றை வைத்தே சமாளிக்கலாம் என்பவர்கள் சொல்வதில் ஒரு நியாயம் இருக்கிறது: புதிய உப விதி ஒன்று சபையில் நிறைவேறி, அங்கீகாரம் பெற்று, வர்த்தமானியில் வரும்வரை காத்திருக்கத் தேவையில்லை.

ஆனால் இவை எல்லாம் எரிப்பவரையும் நாற்றத்தையும் கழிவுநீரையும் பிடிக்கும் விதிகள். யாரும் பற்றவைக்காமல் தானே புகையும் 5 மீற்றர்க் கூட்டெருக் குவியலுக்கு இவற்றில் நேரடியான சொல் கிடையாது. தொல்லை என்று வழக்குப் போடுவதற்குத் தொல்லை முதலில் வரவேண்டும். இந்த வழியைத் தனி வழியாக எடுக்க முடியாது. மற்றவற்றுக்கு அடித்தளமாக மட்டும் வைத்துக்கொள்ளலாம்.

எண்களை எழுதிவிடுவது

இரண்டாவது வழி, நேரடியான எண்கள். வெளிநாட்டு விதிகளில் எண்கள் ஒன்றுக்கொன்று எவ்வளவு வித்தியாசம் என்று பார்த்தாலே இந்த வழியின் பலமும் பலவீனமும் தெரியும். இங்கிலாந்தின் சுற்றாடல் முகவரகம் கழிவுக் களங்களுக்குச் சொல்வது: குவியல் உயரம் 4 மீற்றருக்கு மேல் போகக்கூடாது, நீளமோ அகலமோ 20 மீற்றருக்கு மேல் போகக்கூடாது, குவியலுக்கும் குவியலுக்கும் 6 மீற்றர் இடைவெளி, ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருக்கக்கூடாது. அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் சர்வதேசத் தீ விதிக்கோவை மரச்சீவல், கூட்டெரு, மூடுபடைக் குவியலுக்கு 25 அடி உயரம், 150 அடி அகலம், 250 அடி நீளம் வரை விடுகிறது. 25 அடி என்பது ஏறத்தாழ 7.6 மீற்றர், இங்கிலாந்தின் அளவுக்குக் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. அந்த அமெரிக்க எண்ணோடு சேர்ந்தே இன்னும் சில நிபந்தனைகள் வருகின்றன: வெப்பநிலையைக் கண்காணிக்கவேண்டும், தீயின்போது குவியலைப் பிரிக்கும் இயந்திரம் கைவசம் இருக்கவேண்டும். எண்ணை மட்டும் பிய்த்தெடுத்து நமது உப விதியில் ஒட்டினால் நிபந்தனை அங்கேயே தங்கிவிடும், 7.6 மீற்றர் மட்டும் இங்கே வந்து சேரும்.

நமக்கு எந்த எண்? தண்ணீரிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுவதுதான் நேர்மையான முறை. இங்கிலாந்து வழிகாட்டியில் 300 கன மீற்றர்க் குவியலுக்கு நிமிடத்துக்கு 2,000 லீற்றர் வீதம் 3 மணித்தியாலம் தண்ணீர் வேண்டும். மொத்தம் 3,60,000 லீற்றர். 6,000 லீற்றர்ப் பவுசரில் அறுபது நடை. இதை விகிதப்படி பத்தில் ஒன்றாக்கினால், 30 கன மீற்றர்க் குவியலுக்கு நிமிடத்துக்கு 200 லீற்றர், மொத்தம் 36,000 லீற்றர், ஆறு நடை. ஆறு நடை என்றால் ஒரு சபையால் முடியும். அறுபது நடை எந்தச் சபையாலும் முடியாது.

கிணறு இருக்கிறதே என்பார்கள். 2 மீற்றர் விட்டமுள்ள கிணற்றில் 2 மீற்றர் தண்ணீர் நின்றால் அது சுமார் 6,280 லீற்றர். நிமிடத்துக்கு 200 லீற்றர் இறைத்தால் ஊற்றைக் கணக்கில் எடுக்காமல் அரை மணித்தியாலம் தாங்கும். ஓகஸ்டில் தண்ணீர் 1 மீற்றருக்கு இறங்கியிருந்தால் கால் மணித்தியாலம். நிலாவெளிக்குத் திருகோணமலை நகரிலிருந்து 15 கிலோமீற்றர் அளவு, குச்சவெளிக்கு 35 அளவு. நகரிலிருந்து வரும் தீயணைப்பு வண்டி குச்சவெளியை அடையும்போது அந்தக் கிணறு எப்போதோ வற்றியிருக்கும்.

ஆகவே திருகோணமலைக்கு எங்கள் தெரிவு, சிறு களங்களுக்கு ஒரு குவியல் 30 கன மீற்றருக்கு மேற்படக்கூடாது, உயரம் 2 மீற்றருக்கு மேற்படக்கூடாது என்பது. பரிசோதகர் ஒருவர் அளவுநாடாவோடு வந்து பத்து நிமிடத்தில் அளந்து, புத்தகத்தில் எழுதி, கையெழுத்து வாங்கிப் போகலாம். வாதாட இடமில்லை. எண்கள் எழுதும் வழியின் முழுப் பலமும் அதுதான்.

பலவீனம் காணியில் வரும். 20 பேர்ச்சஸ் வளவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். சுமார் 506 சதுர மீற்றர், 18க்கு 28 என்று வைப்போம். எல்லையிலிருந்து 6 மீற்றர், குவியலுக்கிடையே 6 மீற்றர் என்று விதி போட்டால் நடுவில் மிஞ்சுவது 6 மீற்றர் அகலம், 16 மீற்றர் நீளம் கொண்ட ஒரு துண்டு. அதில் 6க்கு 5 என்ற அளவில் இரண்டு குவியலும் நடுவே 6 மீற்றர் இடைவெளியும் வைத்தால் துண்டு முடிந்தது. 506 சதுர மீற்றரில் பாவிப்பது 60. குவியல் ஒன்றுக்கு 1 மீற்றர் உயரத்தில் 30 கன மீற்றர், இரண்டுக்குமாக 60. எந்தக் கடைக்காரரும் இதை ஏற்கமாட்டார். ஏற்காத விதியைப் பரிசோதகரும் நாளடைவில் அளக்கமாட்டார்.

வழி இருக்கிறது: இடைவெளிக்குப் பதில் சுவர். இங்கிலாந்து வழிகாட்டி 120 நிமிடம் தீயைத் தாங்கும் சுவரைத் தடுப்பாக ஏற்கிறது. பொருள் சுவரின் விளிம்புக்கு 1 மீற்றர் கீழேயும் முன்வாயிலிருந்து 1 மீற்றர் உள்ளேயும் நிற்கவேண்டும். அதே 20 பேர்ச்சஸ் வளவில் பின் எல்லையோடு 4 மீற்றர் அகலம், 5 மீற்றர் ஆழம், 3 மீற்றர் உயரச் சுவரோடு, முன்பக்கம் திறந்த நான்கு தொட்டிகள் கட்டலாம். முன் எல்லையில் படலைக்கு இடம் விட்டு மூன்று. ஒவ்வொன்றிலும் 4க்கு 4 பரப்பில், 2 மீற்றர் உயரத்தில் 32 கன மீற்றர். கொஞ்சம் குறைத்து 30 என்றே வைத்துக்கொள்ளலாம். ஏழு தொட்டிக்கு 210 கன மீற்றர். இரண்டு வரிசைக்கும் நடுவே 18 மீற்றர் பாதை மிஞ்சும். லொறி திரும்பும், தீயணைப்பு வண்டியும் நுழையும்.

கல் கணக்கு: 16க்கு 8 அங்குல முகமுள்ள சீமெந்துக் கல் சதுர மீற்றருக்கு 12 அல்லது 13 பிடிக்கும். பின் வரிசைக்கு ஐந்து குறுக்குச் சுவர், ஒரு பின்சுவர், ஏறத்தாழ 126 சதுர மீற்றர், 1,575 கல். முன் வரிசைக்கு 99 சதுர மீற்றர், 1,240 கல். மொத்தம் 2,800க்குக் கிட்ட. 8 அங்குல அகலக் கல்லே வேண்டும், இரு பக்கமும் பூச்சு வேண்டும். 3 மீற்றர்ச் சுவரைத் தூணும் வளையமும் இல்லாமல் எழுப்பினால் மண் அள்ளும் பெக்கோ இயந்திரத்தின் வாளி ஒருமுறை இடித்தாலே சாயும். தகரத்தை இரண்டு பக்கமும் அடித்து அதைச் சுவர் என்று காட்டுவோர் இருப்பார்கள். தகரம் தீயைத் தடுக்காது, சூட்டை மறுபக்கம் கடத்தும். உப விதியில் 'சுவர்' என்று மட்டும் எழுதாமல் கல்லின் அகலத்தையும் எழுதவேண்டியது அதனால்தான்.

எண்களால் பிடிபடாத ஒன்று இன்னும் மிச்சம்: கூட்டெருவின் உள்வெப்பம். 2 மீற்றர் உயரம், 30 கன மீற்றர் எல்லாம் சரியாக இருந்தும், ஈரம் 35 வீதத்தில் நிற்கும் குவியலை மூன்று மாதம் புரட்டாமல் விட்டால் சூடாகும். அளவுநாடா அதைக் காட்டாது.

களத்துக்குக் களம் திட்டம்

மூன்றாவது வழிக்கு அவுஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் நல்ல உதாரணம். 2017 ஜூலையில் மெல்போர்ன் புறநகரான கூலாரூவில் ஒரு மீள்சுழற்சி ஆலை பற்றி எரிந்தது. பல நாட்கள் அணையவில்லை. சுற்றியிருந்த வீடுகளிலிருந்து மக்களை வெளியேற்றவேண்டி வந்தது. அடுத்த மாதமே இடைக்கால விதி வந்தது, 2018இல் நிரந்தர விதியாயிற்று. எரியக்கூடிய மீள்சுழற்சிப் பொருள் வைத்திருப்பவர் தன் களத்தின் ஆபத்தைத் தானே மதிப்பிட்டு, அதற்கேற்ற ஏற்பாட்டைத் தானே காட்டவேண்டும் என்பது அதன் சாரம். வழிகாட்டியில் எண்கள் உண்டு. வேறு வழியில் அதே பாதுகாப்பை நிரூபித்தால் அதற்கும் இடம் உண்டு.

பெரிய களத்துக்கு இது பொருத்தம். நாளுக்குப் பல தொன் கையாளும் இடத்தில் காற்றுத் திசை, வடிகால், இயந்திரம், இரவுக் காவல் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்காமல் ஓர் எண்ணை மட்டும் திணிப்பது பயனில்லை. கூட்டெருவின் வெப்பநிலைப் பதிவு, புரட்டும் அட்டவணை, ஈரச் சோதனை போன்றவை திட்டத்துக்குள்தான் அழகாக அடங்கும்.

நமது நிலைமையில் இடறல் இரண்டு. ஒன்று, எழுத ஆள் வேண்டும், வாசிக்கவும் ஆள் வேண்டும். பழைய சாமான் கடைக்காரர் திட்டத்தை யாரிடமாவது காசு கொடுத்து எழுதுவிப்பார். ஒரே திட்டம் பெயர் மட்டும் மாறிப் பத்துக் கடையின் கோப்பில் இருக்கும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் மேசையில் டெங்கு, உணவகம், பாடசாலைக் கழிப்பறை என்று ஏற்கெனவே குவிந்திருக்கும் வேலைக்கு நடுவே அதை வாசித்துக் களத்தோடு ஒப்பிட நேரம் எங்கே?

மற்றது நாட்காட்டி. வியாபார உரிமங்கள் டிசம்பர் 31ஆம் திகதியோடு முடிகின்றன. புதுப்பிக்கும் பரிசோதனை வருடத் தொடக்கத்தில். அதாவது குவியல் மழையில் ஊறி, தண்ணீர் சொட்டிக்கொண்டு நிற்கும் மாதத்தில். அப்போது யார் பார்த்தாலும் எந்தக் குவியலும் பாதுகாப்பானதாகவே தெரியும். திட்டத்தின் ஒவ்வொரு வரியும் சரி என்று கையெழுத்தாகும். ஓகஸ்டில் அதே களத்தைப் பார்த்தால் கதை வேறு.

பொதுக் களம்

நான்காவது வழி கவர்ச்சியானது. ஊருக்கு வெளியே ஒரு காணி, சுவர்த் தொட்டிகள், ஒரு பெக்கோ, ஒரு பவுசர், ஒரு காவலாளி. சின்னக் களங்கள் தங்கள் பொருளை அங்கே கொண்டுவந்து வைக்கும். 2008இல் தொடங்கிய பிலிசரு என்னும் தேசியத் திண்மக் கழிவு முகாமைத் திட்டத்தின் கீழ் நாட்டின் பல உள்ளூராட்சி மன்றங்களுக்குக் கூட்டெருக் களங்கள் கிடைத்தன. ஆகவே அமைப்பு ஒன்றும் புதிதல்ல.

இருந்தாலும் இதை முதல் தெரிவாக வைக்கமாட்டோம். காரணம் பணம் மட்டுமல்ல. பத்து இடத்தில் பத்துச் சிறு குவியலாக இருந்த ஆபத்து ஒரே இடத்தில் ஒரே பெருங்குவியலாகிவிடும். விற்பனை தடைப்பட்டால் குவியல் ஏறிக்கொண்டே போகும். 2021இல் இரசாயன உர இறக்குமதித் தடையோடு கூட்டெருவுக்குத் திடீர்க் கிராக்கி வந்தது. அதே ஆண்டு நவம்பரில் தடை நீங்கியது. கிராக்கி இப்படி ஏறி இறங்கும் பொருளுக்கு, விற்காமல் தேங்கும் மாதங்களையும் கணக்கில் எடுத்துத்தான் களம் கட்டவேண்டும். மட்டை, பெட் விலையும் அப்படியே. மேலும், சபையே நடத்தும் களத்தைச் சபையே பரிசோதிக்கவேண்டி வரும். தன் குவியல் 3 மீற்றர் ஏறிவிட்டது என்று தனக்கே அறிவித்தல் கொடுக்கும் சபையை எங்கே தேடுவது?

கிளை, தென்னோலை, உமிக்கு மட்டும் சின்ன அளவில் பொதுக் களம் வைக்கலாம். அவற்றுக்குத்தான் சொந்தக்காரர் யார் என்றே தெரிவதில்லை.

எங்கே கோடு போடுவது

எங்கள் கணிப்பில் சிறு களத்துக்கு எண்கள், பெரிய களத்துக்கு எண்களோடு திட்டம். கோடு 200 கன மீற்றரில். மேலே சொன்ன 20 பேர்ச்சஸ் வளவு ஏழு தொட்டியும் நிரம்பினால்தான் அந்தக் கோட்டைத் தாண்டும். ஆறு தொட்டியோடு நின்றால் திட்டம் எழுதும் தொல்லை இல்லை. கடைக்காரர் தானாகவே ஒரு தொட்டியைக் காலியாக வைத்திருக்க இது ஒரு தூண்டுதல். அந்தக் காலித் தொட்டிக்கு வேறொரு பயனும் உண்டு. அதைக் கீழே சொல்கிறோம்.

மீள்சுழற்சிப் பொருளுக்கு அளவு, சுவரோடு இன்னும் மூன்று நிபந்தனை போதும். பற்றறி, கேஸ் குப்பி, ஸ்பிரே குப்பி ஆகியவற்றை அழுத்தும் முன் பிரித்து, மணல் போட்ட இரும்பு வாளியில், கட்டடத்துக்கு வெளியே வைக்கவேண்டும். கேஸ் கட்டிங், வெல்டிங் குவியலிலிருந்து குறைந்தது 10 மீற்றர் தள்ளி. வேலை முடிந்து 1 மணித்தியாலம் ஒருவர் நின்று பார்க்கவேண்டும். ஆகவே கடை 6 மணிக்குப் பூட்டுவதென்றால் கட்டர் 5 மணிக்கு நிற்கும். ஆறு மாதத்துக்கு மேல் எந்தப் பொதியும் கிடக்கக்கூடாது; பொதியில் கட்டிய மாதத்தை மார்க்கரால் எழுதிவிட்டால் அதையும் நொடியில் பார்க்கலாம்.

கூட்டெருவுக்கு அளவுநாடாவோடு ஒரு வெப்பமானியும் கட்டாயம். 1 மீற்றருக்குக் குறையாத கம்பியுள்ள முள் வெப்பமானி. குவியலின் நீளத்தில் ஒவ்வொரு 3 மீற்றருக்கும் ஒரு குத்து, உயரத்தின் நடுவில், பக்கவாட்டிலிருந்து உள்நோக்கி. முள் அசையாமல் நிற்கும்வரை விடவேண்டும்; உடனே இழுத்துப் பார்த்தால் குறைவாகக் காட்டும். வெப்பமானி பழுதானால் 10 மில்லிமீற்றர் இரும்புக் கம்பி ஒன்றைச் செருகி, கால் மணித்தியாலம் விட்டு இழுத்துக் கையில் பிடித்துப் பார்க்கலாம். பிடிக்கவே முடியாவிட்டால் 60க்கு மேல் என்று எடுத்துக்கொண்டு வெப்பமானி தேடவேண்டும். கம்பி ஒருபோதும் பதிவுக்கு உதவாது.

65 வரை அப்படியே விடலாம். 65 தாண்டினால் புரட்டவேண்டும். 70இல் காலையும் மாலையும் அளக்கவேண்டும். 75க்கு மேல் ஏறுமுகமாக இருந்தால் குவியலைப் பிரித்து அரை மீற்றர் உயரத்துக்குப் பரப்பிவிடவேண்டும்.

ஈரத்துக்குக் கைப்பிடிச் சோதனை போதும். ஒரு கைப்பிடி எடுத்து இறுக்கிப் பிழிந்தால் விரலிடுக்கில் ஒன்றிரண்டு துளி எட்டிப்பார்த்தால் 55 – 60 வீதம், நல்லது. உருண்டையாக நின்று தண்ணீர் வராவிட்டால் 50க்குக் கீழே இறங்கிவிட்டது. உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் ஆபத்துப் பட்டைக்குள் வந்தாயிற்று. 35 வீதத்தில் நிற்கும் 30 கன மீற்றர்க் குவியல் கன மீற்றருக்கு 500 கிலோ என்று கொண்டால் 15 தொன். அதை 55 வீதத்துக்கு ஏற்ற ஏறத்தாழ 6,700 லீற்றர் வேண்டும். எரிந்தபின் ஆறு பவுசர், எரியுமுன் ஒன்றும் கொஞ்சமும். மேலே தெளித்தால் மட்டும் போதாது. உலர்ந்த மூடுபடை தண்ணீரை வழுக்கிவிடும், நிலம் நனையும், உள்ளே காய்ந்தே கிடக்கும். புரட்டிக்கொண்டே நனைக்கவேண்டும்.

புகை கிளம்பிய பிறகு இதே வேலை ஆபத்து. நீராவி வெள்ளையாக எழும்பி மறையும், மண்வாசம் வரும். நீலச்சாயலோடு தாழ்ந்து படர்ந்து, கருகிய சீனி அல்லது புகையிலை போல மணந்தால் உள்ளே கனல். அப்போது அவசரப்பட்டுப் பெக்கோவால் கிளறினால் காற்று உள்ளே போய்ச் சுவாலையாக வெடிக்கும். முதலில் தீயணைப்புப் படையை 110இல் அழைத்து, தண்ணீரைத் தயார்படுத்தி, குழாயில் தண்ணீர் வந்த பிறகே ஓரத்திலிருந்து வாளி வாளியாக எடுத்துப் பிரிக்கவேண்டும். நுரைத் திரவம் இருந்தால் 0.1 முதல் 1 வீதம் கலந்த தண்ணீர் வெறும் தண்ணீரைவிட ஆழமாக இறங்கும். குவியலின் மேல் ஆளும் ஏறக்கூடாது, இயந்திரமும் ஏறக்கூடாது. உள்ளே எரிந்து வெறுமையான குழி மேலிருந்து பார்த்தால் தெரியாது.

பிரித்தெடுத்த சூடான பொருளை எங்கே கொட்டுவது? அதற்குத்தான் அந்தக் காலித் தொட்டி. மிகப் பெரிய குவியலின் பாதியாவது கொள்ளும் இடம் எப்போதும் வெறுமையாக இருக்கவேண்டும், சுற்றிலும் 6 மீற்றர் தள்ளி, அல்லது சுவரால் பிரிந்து. அதன் தரை கொங்கிரீட்டாக, முன்வாயில் ஒரு முழ உயரத் தடுப்போடு இருந்தால் இன்னும் நல்லது. உப்புவெளி, நிலாவெளி மணலில் அணைத்த தண்ணீர் கரியோடும் சாறோடும் நேரே கீழிறங்கிப் பக்கத்து வீட்டுக் கிணற்றுக்குப் போகும்.

பரிசோதனைத் திகதிகளை உரிமப் புதுப்பிப்போடு கட்டாமல் தனியாக வைக்கவேண்டும். மே மாதம் கச்சான் தொடங்கும் முன் ஒன்று, ஓகஸ்ட் நடுவில் ஒன்று, முதல் மழை விழுந்த பத்து நாளுக்குள் ஒன்று. மூன்றுக்கும் படிவம் ஒரே பக்கம்: தொட்டி எண், உயரம், கனஅளவு, மாதம், கூட்டெருவென்றால் குத்துக் குத்தாக வெப்பநிலை. பத்து நாளுக்குள் மூன்றாவது தரம் வர ஆள் இல்லாவிட்டால், அந்தப் பத்து நாளும் களத்துக்காரரே நாளுக்கு ஒருமுறை அளந்து பதிவேட்டில் எழுதும்படி செய்யலாம். ஓகஸ்டில் வருபவர் படலைக்குள் நுழைந்ததும் முதலில் பார்க்கவேண்டியது நிரம்பிய தொட்டிகளை அல்ல, காலியாக இருக்கவேண்டிய அந்த ஒன்றை. பெரும்பாலும் அதில் யாராவது பழைய தளபாடம் அடுக்கியிருப்பார்கள்.